பதினான்காவது கட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டியது. அதன் கையில் எட்டுப் பக்க விண்ணப்பம் ஒன்று இருந்தது.

தட்டியவர் நான்காவது மாடிக்காரர், லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வயது கூடத்தான் இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சு. ஃபீஸுக்கு உதவி வேணும்னா இதை நிரப்பிக் கொடுக்கணுமாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. ஏழாம் பக்கத்துல, குடும்பச் சூழ்நிலையை முந்நூறு வார்த்தையில விவரிக்கச் சொல்றாங்க. நீங்கதான் இல்லாததையே எழுதுறவங்களாச்சே, இருக்கறதை எழுத முடியாதா?"

இதைவிட நல்ல விமர்சனம் என் எழுத்துக்கு இதுவரை வந்ததில்லை.

2

கதையை எங்கே தொடங்குவது?

'மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில்' (மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

'கல்வி என்பது ஒரு' (இது பேச்சுப் போட்டி அல்ல.)

'அவளை எல்லோரும் கேள்வி என்றுதான்' இதை வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கின் மகளுக்கு இந்தக் கட்டடத்தில் கேள்வி என்று பட்டப்பெயர். கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள், படித்ததைப் பற்றியெல்லாம் கேட்பாள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள். இது பின்னால் தேவைப்படும், நினைவில் வையுங்கள். (கெட்டிக்கார எழுத்தாளர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.)

3

விண்ணப்பத்தோடு வந்த வழிகாட்டியை மூன்று முறை படித்தேன். விளங்கியது இவ்வளவுதான். அதிக மதிப்பெண் எடுத்த மூன்று பேருக்குப் பரிசுத்தொகை உண்டு, நம் கேள்விக்கு நான்காவது இடம். கல்விக்கடன் யாருக்கும் கிடைக்கும். வரும்போது அது தனியாக வரும், திரும்பிப் போகும்போது வட்டியையும் கூட்டிக்கொண்டு போகும். கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்குக் காணாது. கடைசியாக நிதியுதவி. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் கட்டணம் முழுவதையும் கல்லூரியே ஏற்கும், திருப்பித் தரவேண்டியதில்லை.

வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்வது மூன்றாம் பக்கத்தின் பதினான்காவது கட்டம். அதில் அவர் எழுதியிருந்த தொகை வரம்பைத் தாண்டி நின்றது. பக்கத்தில், பதவி: சூப்பர்வைசர்.

"சூப்பர்வைசர் ஆயிட்டீங்களா? சொல்லவே இல்லையே!"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆகலைக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆயிடும்னாங்க. நான் அன்னிக்கே வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போயிட்டேன். அப்புறம் அது வேற ஆளுக்குப் போயிடுச்சு. தின்ன ஸ்வீட்டைத் துப்பச் சொல்ல முடியுமா? சனிக்கிழமை வேற இடத்துல வேலை பாத்துக் கொஞ்சம் கொண்டு வர்றேன். வீட்ல அதுக்குப் பேரு மீட்டிங்."

"அதையும் சேர்த்தா?"

"சேர்த்தாலும் வரம்புக்குள்ளதான்."

"அப்ப உள்ளதை எழுதுங்க. முழு ஃபீஸும் கிடைக்கும். இப்படியே போனா கடன்தான்."*

"கடனை நான் அடைச்சுக்கறேன். எட்டாம் பக்கத்துல 'எல்லாம் படித்தேன், உண்மை'ன்னு அவ கையெழுத்துப் போடணும்கா. அவ படிச்சிடுவா." குரல் இறங்கிவிட்டது. "இது நமக்குள்ள இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றேன்.

(* குறைத்து எழுதுகிறவனிடம்தான் சான்று கேட்பார்கள். கூட்டி எழுதுகிறவனை எந்த அலுவலகமும் சந்தேகப்படுவதில்லை.)

4

முந்நூறு வார்த்தையும் எழுதினேன். கை பழக்கம் விடுமா? மெக்கானிக்குக் கொஞ்சம் இருமல் கொடுத்தேன். கூரையைக் கொஞ்சம் ஒழுகவிட்டேன்.

"எனக்கு இருமலே கிடையாதேக்கா."

"படிக்கிறவங்களுக்கு மனசு இளகணும்ல?"

"அதுக்காகக் கூரை ஒழுகுமா? எங்களுக்கு மேல அஞ்சாவது மாடி இருக்கு!"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. வருமானத்தில் பொய் சொல்வாராம், இருமலில் சொல்லமாட்டாராம். இப்படியும் ஒரு மனிதர் உண்டா? என் கற்பனையாக இருந்திருந்தால் திருத்தியிருப்பேன்.

5

வியாழக்கிழமை காலை விண்ணப்பத்தை நகல் எடுக்கக் கிளம்பினேன். இரண்டாவது மாடியில் லிஃப்ட் வந்து நின்றபோது உள்ளே கேள்வி இருந்தாள், கல்லூரிக்காக வாங்கிய புதுப்பையோடு. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பியபோதுதான் அந்த அட்டை கண்ணில் பட்டது. லிஃப்ட் பொத்தான்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், பராமரிப்பு அட்டை. மாதத்துக்கு ஒரு வரி: தேதி, கையெழுத்து, பதவி. இந்த லிஃப்டையும் கேள்வியின் அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். எல்லா வரியிலும் அவர் கையெழுத்து. எல்லா வரியிலும் 'மெக்கானிக்'. போன மாதம் வரைக்கும்.

லிஃப்ட் அட்டையில் அவருக்குப் பொய் எழுத வராது. ஆள் ஏறி இறங்குகிற விஷயம். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டைக்கூட விடாத பெண் தினமும் இதே லிஃப்டில்தான் போய்வருகிறாள் என்பதை மனிதர் மறந்தே போனார்.

"ரெண்டு வருஷமா நானும் படிச்சிட்டுதான் இருக்கேன் ஆன்ட்டி," என்றாள். (அப்பாவுக்கு அக்கா, மகளுக்கு ஆன்ட்டி. எனக்கு விமோசனம் கிடையாது.)

"அப்பாகிட்ட கேக்கலியா? நீயா கேக்கல?"

"சனிக்கிழமை ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டு மீட்டிங் போறாருல்ல, கேட்டா அது நின்னுடும். போறதை நிறுத்தமாட்டார். பாலிஷ் போடறதை நிறுத்திடுவார்."

தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. இரண்டு பேரும் இறங்கவில்லை.

"ஆன்ட்டி, ஃபாரம் வெறுமையா இருந்தப்பவே படிச்சிட்டேன். பதினாலாவது கட்டத்தைப் பேனாவுல எழுதியிருக்காரா, பென்சில்லயா?"

பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கமும் நீல மை. அந்தத் தொகையும் அந்தப் பதவியும் மட்டும் பென்சில். மூன்று நாளாக என் மேஜையில் கிடந்த தாள். எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு அது தெரியவில்லை.

"பென்சில்தான்," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு பையைத் துழாவி ஒரு ரப்பரை எடுத்து என் கையில் வைத்தாள். "அப்பாகிட்ட கொடுத்துடுங்க. நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்னும் சொல்லாதீங்க. ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் என்றேன். என் வாய்க்கு வேறென்ன தெரியும்?

6

இந்தக் கதைக்கு வரக்கூடிய முடிவுகள்:

(அ) நானே அழித்து நானே எழுதிவிடுகிறேன். முடியாது. இதுவரை நான் செய்ததற்குக் கதை என்று பெயர். இதற்கு வேறு பெயர்.

(ஆ) அவரே அழிக்கிறார். கேள்வி எட்டாம் பக்கத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். படிக்காமலா? அவளா? நீங்களே நம்பமாட்டீர்கள்.

(இ) இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே அப்பாவும் மகளும் மட்டும், இருவருக்கும் நடுவில் அந்த அட்டை. இதைத்தான் எழுதத் தொடங்கினேன். இரண்டு வரியில் கை நின்றுவிட்டது. அவர் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் இதுவரை ஒருநாளும் நின்றதில்லை. என் கதை முடியவேண்டும் என்பதற்காக அவர் வேலையில் நான் குற்றம் வைப்பதா?

7

இப்போது வியாழக்கிழமை மாலை. விண்ணப்பம் மேஜையில் இருக்கிறது, அதன் மேல் ரப்பர். கொண்டு போனால், "இது ஏதுக்கா?" என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, எழுத மட்டும்தான் தெரியும்.

வாய் திறக்கமாட்டேன் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் இவ்வளவு நேரம் படித்த நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

நான்காவது மாடி, இடதுபக்கக் கதவு. இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். போகும்போது ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். படியேற வேண்டாம், லிஃப்டிலேயே போகலாம். மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.