தாங்குமா என்று கேட்காத வீடு

"கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டோம். அதப் போட்டுட்டுக் கெளம்புங்க. கேள்வி கேக்க யாரும் கூப்பிடல."

"கேக்காம எதுலயும் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல. வரைபடத்துல இங்க ஒரு சுவரு இருக்கே, அது எங்க?"

"அந்தா," என்று மேஸ்திரி கட்டைவிரலால் வாசலுக்கு வெளியே காட்டினார். "வேணும்னா அள்ளிட்டுப் போங்க."

தெரு ஓரத்தில் உடைந்த செங்கற்கள் இடுப்புயரம் குவிந்து கிடந்தன. பொறியாளர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐம்பதைத் தொட்ட பெண்மணி. தோளில் பை, கையில் அளவுநாடா. ஹாலின் நடுவில் வரிசையாக நின்ற நான்கு இரும்புக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தரைக்கும் கூரைக்கும் இடையே முட்டுக் கொடுத்திருந்த குழாய்கள். அவற்றுக்கு மேலே கூரையில் ஒரு விரிசல், வரைபடத்தில் இல்லாத ஆறு போல வளைந்து வளைந்து ஓடியது.

வீட்டுக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி, மேஸ்திரியின் தங்கை, யாரும் குடிக்காத தேநீர்த் தட்டை ஏந்தியபடி அண்ணனுக்கும் பொறியாளருக்கும் நடுவில் நின்றாள்.

மகள் வளர்ந்துவிட்டாள், அவளுக்கென்று ஓர் அறை வேண்டும். நடுச்சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்கி, கொல்லையில் ஓர் அறையை ஒட்டிக் கட்டலாம் என்பது திட்டம். "மொதல்ல ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஆரம்பிப்போமே," என்று கணவர் அன்றே சொன்னார். மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது வெளியாளையா கூப்பிடுவீங்க? அப்புறம் அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?" அவர்கள் குடும்பத்தில் எதற்கும் முதல் வார்த்தை அண்ணனுக்குத்தான்.

அண்ணன் வந்தார். பூச்சுக் கரண்டியின் பின்புறத்தால் சுவரை மூன்று இடத்தில் தட்டினார். "சும்மா தடுப்புச் சுவரு," என்றார். ஆராய்ச்சி அதோடு முடிந்தது. போன வாரம் சுவர் போனது. பொறியாளர் கையெழுத்து இல்லாத வரைபடத்தை வாங்க மாட்டோம் என்று அனுமதி அலுவலகத்தில் திருப்பி அனுப்பிய பிறகுதான், இந்த அம்மாளின் நினைவே அவர்களுக்கு வந்தது.

பொறியாளர் குனிந்து, தரையில் மிச்சமிருந்த சுவரின் அடியில் நாடாவை வைத்தார்.

"ஒம்போது இஞ்சு. தடுப்புச் சுவர இவ்ளோ தடியாவா கட்டுவாங்க, மேஸ்திரி?"

"அந்தக் காலத்துல கட்டுவாங்க."

"இதுக்கு நேர் மேல மாடியில என்ன இருக்கு?"

"தண்ணித் தொட்டி," என்றார் வீட்டுக்காரர். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"தண்ணி இருக்கா?"

"காலையிலதான் ரொப்புனேன்."

பொறியாளர் நாடாவைச் சுருட்டினார். "இது கூரையத் தாங்குற சுவருன்னு ஒடைக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு மேஸ்திரி. இல்லாட்டி இந்த முட்டு எதுக்கு?"

"பூச்சு வேலைக்குன்னு சொன்னியேண்ணே?" என்றாள் தங்கை.

மேஸ்திரி கழுத்துத் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். இருபத்தைந்து வருடத் தொழில். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்கள். அவர் முகம் இப்போது கறுத்துவிட்டது.

"ஆமா, தெரிஞ்சுது. பாதி ஒடைச்சப்புறம் தெரிஞ்சுது. அப்ப வந்து, எனக்குத் தெரியலன்னு ஒங்கிட்ட சொல்லச் சொல்றியா? ஒம் புருஷன் பல்ல இளிக்கிறதுக்கா?"

"நான் எதுக்கு மச்சான் சிரிக்கணும்? கரண்டியால தட்டியே ஊருக்கெல்லாம் ஜாதகம் சொல்ற ஆளாச்சே நீங்க!"

"மாப்ள, வார்த்தைய அளந்து பேசு."

"நீங்க சுவர அளந்திருந்தா நான் ஏன் பேசப் போறேன்?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் பொறியாளர். "சார், மொதல்ல மாடிக்குப் போய்த் தொட்டித் தண்ணியத் தொறந்து விடுங்க. அந்தப் பாரம் எறங்கணும். பள்ளிக்கூடம் விட்டதும் பொண்ண இங்க வரவிடாதீங்க, வேற எங்கயாவது இருக்கட்டும்."

வீட்டுக்காரர் படிகளில் ஓடினார். அவருடைய காலடிச் சத்தம் கூரையின் மேல் நடந்துபோய், சரியாக விரிசலுக்கு மேலே நின்றது.

பொறியாளர் தங்கையின் பக்கம் திரும்பினார். "கூடப்பொறந்தவர மதிக்க ஆயிரம் வழி இருக்கும்மா. வீட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது யாரு கட்டுவாங்கன்னு இல்ல, இது தாங்குமான்னு. அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்கள மொதல்ல கூப்பிடணும். கட்டுறவரு அப்புறம்தான் வரணும். நீங்க சுவர ஒடைச்சு முடிச்சப்புறம், எங்கள ஒரு கையெழுத்துக்குக் கூப்பிடுறீங்க."

தங்கை தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். "தப்பு என்னுதுதான். நான் வீட்டப் பத்தி யோசிக்கல, உன் கோவத்தப் பத்தித்தாண்ணே யோசிச்சேன். மொதல்லயே இவங்களக் கேட்டிருந்தா, தெரியாதுன்னு சொல்ற நெலம உனக்கும் வந்திருக்காது."

அது மேஸ்திரிக்கு வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தது.

"ஓஹோ. நேத்து வந்தவங்க எஜமானி, நான் வேலைக்காரன். சரி, இவங்களையே வச்சுக் கட்டிக்கோ. என் சாமான் எனக்கு."

கரண்டியையும் மட்டப்பலகையையும் சாக்கில் வீசினார். பிறகு அதே வேகத்தில் முதல் குழாயின் அருகே குத்துக்காலிட்டு, குழாயை இறக்கும் திருகுக் கைப்பிடியைப் பிடித்தார்.

"அதத் தொடாதீங்க!" என்று பொறியாளர் கத்தினார்.

"என் காசுல வாங்குன குழாய்."

கைப்பிடி இறுகியிருந்தது. அவர் இரண்டாவது கையையும் வைத்தார். கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் அவர் புறங்கையில் உதிர்ந்தது. மேலே தொட்டியின் அடைப்பானோடு வீட்டுக்காரர் மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

தங்கை அவருக்கு எதிரே முழங்காலிட்டாள். தொடப் பயந்து, கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, என்னைத் திட்டு. இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லு, கேட்டுக்கறேன். அவரு மாடியில நிக்கிறாருண்ணே. இந்த நாலு குழாய மட்டும் இப்படியே விட்டுட்டுப் போண்ணே."