ஆமை கழற்றிய லேப்டாப்

பையை எடுத்து வருகிறேன் என்று கிளம்பியபோது என் மச்சினன் சிரித்தான் என்றுதான் எனக்கு நினைவு. அவன் சிரிக்கவே இல்லை என்கிறாள் என் மனைவி. அவள் அவனுடைய அக்கா. அந்த முகத்தை என்னைவிட அதிக காலம் பார்த்தவள். ஆகவே நான் சொல்வதில் அந்தச் சிரிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மற்றவை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன.

வீட்டில் அவனை ஆமை என்போம். சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அந்த ரகம். லேப்டாப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் இருந்தான். யாரோ ஒருவருடைய லேப்டாப்பிலிருந்து நல்ல மெமரியை எடுத்துவிட்டுப் பழையதைச் செருகிவிட்டான் என்று முதலாளி அவனை அனுப்பிவிட்டார். அவன் இல்லை என்றான், ஒரே ஒரு தடவை. அதற்குமேல் வாதாடவில்லை. அது அவன் சுபாவமா, வேறு ஏதாவதா என்று நான் யோசித்ததுண்டு. என் மனைவி யோசிக்கவில்லை. தம்பி தன் அறையிலேயே ஒரு மேசை போட்டுத் தொழில் தொடங்கியதும், முதல் வேலையாகத் தன் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யார் என்ன சொன்னாலும் தனக்குச் சந்தேகம் இல்லை என்று காட்ட அவளுக்குத் தெரிந்த வழி அது.

அவள் வீடுகளின் உள்ளறைகளை வடிவமைப்பவள். சுவர், அலமாரி, சன்னல் வழியே விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் திரையில் வரைந்துவிட்டு, அது நிஜ அறைபோலப் படமாகி வரும்வரை காத்திருப்பாள். ஒரு படம் வருவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டுவிடலாம். அதற்காகவே சமையலறைப் பக்கம் மேசை போட்டிருந்தாள். ஆமை பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி வைத்தான், மெமரியையும் கூட்டினான். திரும்பி வந்த லேப்டாப் பட்டனைத் தொட்டதும் விழித்துக்கொண்டது. ஆமை புகுந்த வீடு விளங்காது என்று எவன் சொன்னது என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். இனி காத்திருக்கும் வேலை இல்லை என்று மேசையைச் சன்னலோரம் நகர்த்திக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அது படுத்துவிட்டது. திரையில் ஒரு சுவரைப் பிடித்து இழுத்தால், கை போய்ச் சேர்ந்த பிறகு சுவர் தடுமாறிக்கொண்டு வந்தது. அவள் தேடிப் படித்து, ப்ராசசர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் இரண்டரை கிகாஹெர்ட்ஸ் என்றது. திரையில் ஒன்றுகூட இல்லை. முக்காலை ஒட்டி நின்றது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் அந்த எண் அசையவில்லை.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் தோன்றியது ஒன்றுதான் என்பதும் இருவருக்கும் தெரிந்தது. அவள் லேப்டாப்பை மூடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"உள்ள ப்ராசசர் எதுனா மாத்தினியாடா?"

அவன் கை துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

"திட்ட மாட்டேன். சொல்லிடு" என்றாள். கேள்வியைவிட அதுதான் மோசமாக இருந்தது.

"பைய எடுத்துட்டு வரேன். கழட்டிக் காட்டறேன், நீயே பாத்துக்கோக்கா."

அவன் அறை அடுத்த தெருவில்தான். ஆமை நடைக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்தது. அவள் சன்னலருகே நின்றாள். இனி அவன் வரவே மாட்டான் என்று மெல்லச் சொன்னாள். அந்தக் குரலில் இருந்தது லேப்டாப்பைப் பற்றிய கவலை இல்லை. வந்துவிட்டால் யோக்கியன் என்றோ வராவிட்டால் திருடன் என்றோ ஆகிவிடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தான். சார்ஜரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்தான். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினான். என்னையும் கிட்ட வந்து உட்காரச் சொன்னான். மின்விசிறியைத் தூக்கி, சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பசையைத் துடைத்து, ப்ராசசரைக் காட்டினான். அது தனிப்பொருளாக இல்லை. போர்டோடு போர்டாகப் பற்றவைத்திருந்தது. அதைப் பெயர்த்து எடுக்கத் தன்னிடம் மெஷினே கிடையாது என்றான்.

"அப்ப ஏன்டா நொண்டுது?"

"எனக்கும் தெரியலக்கா."

அதைச் சொல்வதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. கை சுத்தம் என்று காட்டிவிட்டான், காரணத்தைக் காட்ட முடியவில்லை. புதுப் பசை வைத்து எல்லாவற்றையும் பூட்டி, விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கப் பட்டனை அழுத்தினான். அவள் வேகம் காட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எண் இரண்டரையைத் தாண்டி நின்றது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றான் ஆமை, பயந்துபோய்.

அவள் சார்ஜரைச் செருகினாள். எண் முக்காலுக்கு இறங்கியது. பிடுங்கினாள். ஏறியது. மறுபடி செருகினாள். பிறகு அந்த வயரைக் கையால் பிடித்துக்கொண்டே சுவர்வரை போனாள்.

அது என்னுடைய சார்ஜர். மேசையைச் சன்னலோரம் இழுத்தபோது அவளுடைய வயர் எட்டவில்லை. என் வயர் நீளம், முனையும் பொருந்தியது, அதையே செருகிவிட்டாள். நான் வீட்டில் லேப்டாப்பைத் திறப்பதே இல்லை என்பதால் எனக்குத் தெரியவில்லை. என்னுடையது சின்ன லேப்டாப். அதன் சார்ஜர் கொடுக்கும் சக்தியும் குறைவு. அதைச் செருகிய அன்றே திரையில் ஏதோ எச்சரிக்கை வந்ததாம். புதுசாக என்னென்னவோ மாட்டியிருக்கிறானே, அதனால் வருகிறது என்று எண்ணி, இனிமேல் காட்டாதே என்று அழுத்திவிட்டிருக்கிறாள். உள்ளே வருவது போதாது என்று தெரிந்த லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

"குடுக்கறத வச்சுத்தானே அதுவும் நடக்கும்" என்று ஆமை முணுமுணுத்தான். அக்காவைச் சொல்லவில்லை, அவனுக்கே அப்போதுதான் புரிந்தது.

அவள் அலமாரியிலிருந்து தன் சார்ஜரை எடுத்து வந்து, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் துணியை மடித்துப் பையில் வைத்தான்.

"இப்ப நான் திட்டலாமாக்கா?" என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது ஆமைக்குக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. எந்த லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை; கொண்டுவந்தவர் எதிரே உட்கார்ந்தால்தான் கழற்றுவான். நேரமாகிறது, ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். பழைய முதலாளியின் கடையும் நடக்கிறது; அந்த மெமரி எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. என் சார்ஜர் அலுவலகத்தில் இருக்கிறது. என் மனைவி அதே லேப்டாப்பில் வரைகிறாள். தூசி தட்ட வேண்டியிருந்தால் அவன் கடைக்கு எடுத்துப் போகிறாள். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான். ஆனால் அவளும் எதிரே இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் முதல் ஸ்க்ரூவைத் தொடுகிறான்.