கதவின் நாக்கு

காலை எட்டு நாற்பதுக்கு அவன் அண்ணனின் இடதுகை நகக்கண்களில் இருந்த கறுப்பைத் தீக்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். வலது கையைத் தோள்வரை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுத்திருந்தார்கள்.

"விடுங்க தம்பி," என்றாள் அண்ணி. "பதினெட்டு வருஷமா நான் தேய்ச்சே போகல. உங்களுக்கா போயிடும்?"

அவன் நிறுத்தவில்லை. கைக்கு வேலை இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குனியும்போதெல்லாம் சட்டைப்பையில் இருந்த இரும்பு நெஞ்சில் குத்தியது.

சுண்டுவிரல் நீள எஃகுத் தகடு. கடைசல் மெஷின் கதவில் இப்படி ஒரு நாக்கு உண்டு. கதவை மூடினால் அது சுவிட்சுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும்; மெஷின் ஓடும். திறந்தால் வெளியே வந்துவிடும். என்ன செய்தாலும் ஓடாது. அவனிடம் இன்னொரு நாக்கு இருந்தது. அதைச் சுவிட்சில் செருகிவிட்டு, கதவைத் திறந்துபோட்டே ஓட்டுவான். கடையும் ஒவ்வொரு இரும்பு வளையத்துக்கும் அரை நிமிஷம் மிச்சம்.

அண்ணன் ஒருநாள் சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னார்: "உன் கொழுந்தன் கதவுக்கே பொய் சொல்லக் கத்துக்கொடுக்கிறான்." மூவரும் சிரித்தார்கள்.

நேற்று மத்தியானம் ஷிஃப்ட் மாறியபோது அவன் அதை எடுக்க மறந்தான். மெஷினை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கை கழுவப் போனான். வளையம் சூடு ஆறுவதற்காக புரோகிராமில் ஓர் இடைவேளை உண்டு. மெஷின் நின்றது. அண்ணன் கதவைத் திறந்து, சுற்றிக்கொண்ட இரும்புச் சுருளை எடுக்கக் கையை விட்டார். கதவு திறந்திருந்தால் மெஷின் செத்த மாதிரி. ஷிஃப்ட் முடிந்ததும் தம்பி அந்த நாக்கை எடுத்திருப்பான் என்று அவர் நம்பினார். இடைவேளை முடிந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது அவன்தான். சிவப்புப் பொத்தானை அடித்தான். அடுத்து அவன் கை அண்ணனிடம் போகவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணனுக்கு மூச்சு இருந்தது.

பத்து மணிக்குச் சூப்பர்வைசர் வந்தார். கூடவே தொழிற்சாலை ஆய்வாளர், கையில் அட்டையில் செருகிய தாள்களோடு. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சூப்பர்வைசர் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உன் ஷிஃப்ட்ல என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத. போனவரை யாரும் ஜெயில்ல போடப்போறதில்ல. இருக்கிறவன் இருக்கணும்ல?"

அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

உள்ளே ஆய்வாளர் தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். "பாதுகாப்பு சுவிட்சை இறந்தவரே ஏதோ ஒன்றைச் செருகி முடக்கியிருக்கிறார். அது பின்னர் கழன்று விழுந்திருக்கலாம்."

"யாரு? இவரா?" என்றாள் அண்ணி. அந்த வீட்டில் அன்று முதன்முதலாகக் குரல் உயர்ந்தது. "மிக்ஸி மூடிய நான் கையால அமுக்கிப் பிடிச்சாலே சண்டைக்கு வருவாரு சார். பூட்டின கதவை மூணு தடவை இழுத்துப் பாக்கற ஆளு."

"கைதேர்ந்தவங்கதாம்மா இதைச் செய்வாங்க. புதுசா வந்தவன் பயப்படுவான்," என்றார் ஆய்வாளர்.

"கெட்டிக்காரர் சார்," என்றார் சூப்பர்வைசர். "நேத்துன்னு பாத்து என்ன அவசரமோ."

"அவருக்கு எதுக்குய்யா அவசரம்? சோத்தையே முக்கால் மணி நேரம் தின்பாரே!"

வெளியே அமரர் ஊர்தி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் பேனாவை அவனிடம் நீட்டினார். "கூடப்பொறந்தவர்தானே? இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அவன் பேனாவை வாங்கினான். தாளைப் பார்த்தான். அண்ணனின் பெயருக்கு நேராகக் 'கவனக்குறைவு' என்று இருந்தது. பேனாவை வைத்துவிட்டுச் சட்டைப்பையில் கைவிட்டு, அந்த இரும்பை எடுத்துத் தாளின் மேல் வைத்தான்.

சூப்பர்வைசர் இருமினார். "துக்கத்துல அவன் ஏதோ..."

"என்னோடது சார். நான்தான் செருகினேன். எடுக்க மறந்துட்டேன்."

"நாங்க பாக்கறப்ப சுவிட்ச் காலியா இருந்துச்சே?" என்றார் ஆய்வாளர்.

"நான்தான் எடுத்தேன்."

"எப்ப?"

அண்ணி எழுந்து வந்தாள். தாளின் மேல் எண்ணெய்க் கறை பரவிக்கொண்டிருந்தது. அவள் அந்த இரும்பு நாக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை போலிருந்தது.

"கொஞ்சம் இருங்க சார், எழுதாதீங்க," என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தம்பி, மொதல்ல அவரைத் தூக்கினீங்களா, இதை எடுத்தீங்களா?"