கோணல் பிடிப் பானை

மூன்று நாளில் பொறுமை கற்றுத் தரப்படும் என்று ராய்கோ வாசலில் பலகை மாட்டியபோது அவன் அண்ணி விதோசவாவுக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. பொறுமை அவள் புகுந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அவள் கணவன் மிலிசாவ் ஆயுசெல்லாம் மண் பிசைந்தவன். சக்கரத்தைச் சுற்றும்போதே மழையைத் திட்டுவான், மண்ணைத் திட்டுவான், காப்பி ஆறிப்போனால் அவளைத் திட்டுவான். பானை செய்தால் மனம் பக்குவப்படும் என்றால் உஷிட்சே நகரத்துப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குயவர் ஊரில் தெருவுக்கு நாலு முனிவர்கள் இருந்திருக்க வேண்டும். இருந்ததெல்லாம் இடுப்பு வலிக்காரர்களும் குடிகாரர்களும்தான்.

ஆனாலும் தலைநகர் பெல்கிரேடிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ராய்கோ அவர்களை வட்டமாக உட்காரவைத்து, மண் மூச்சுவிடுவதைக் கேளுங்கள் என்பான். கேட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் செய்த பானைகள் மாட்டுச் சாணிபோல உட்கார்ந்திருந்தன. அவை காயவே இரண்டு வாரம் ஆகும், நெருப்பு அதற்கப்புறம்தான். வந்தவர்களுக்கோ வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ். அதனால் ராய்கோ அவற்றைத் தொட்டித் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டு, ஏற்கெனவே தான் சுட்டுவைத்த பானைகளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பான். மண்ணின் நிஜ முகத்தை நெருப்பு காட்டிவிட்டது என்பான். ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை. தன்னைவிட அழகானதைத் தன்னுடையது என்று நம்ப எவருக்கும் பாடம் தேவையில்லை. விதோசவாவும் வாய் திறக்கவில்லை. அவன் பானை, அவன் பொய்.

வசந்தத்தில் மிலிசாவ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவன் கடைசியாகச் செய்த பானையை அவள் அடுப்பங்கரை அலமாரியில் எடுத்துவைத்திருந்தாள். அரையாண்டுத் திதிக்கு அதில்தான் மொச்சை வேகவேண்டும் என்பது அவள் தீர்மானம். திதி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, ஊறிய மொச்சையை வடித்துவிட்டுத் திரும்பினால் அலமாரி காலி.

முற்றத்துக்குப் போனாள். ஏழு பேர் மடியில் ஆளுக்கொரு பானையோடு உட்கார்ந்திருந்தார்கள். ராய்கோவிடம் கைவசம் ஆறுதான் இருந்திருக்கிறது. ஏழாவது, தியானா என்ற பெண்ணின் மடியில் இருந்தது. இந்தியாவுக்குப் போய் மூச்சுவிடக் கற்றுக்கொண்டு வந்தவள் அவள். அதுவரை எப்படி உயிரோடு இருந்தாளோ, அதைச் சொல்லவில்லை.

தியானா பானையின் பிடியைத் தடவியபடி மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். “இந்தப் பிடி கோணலா இருக்கு பாருங்க. முதல் நாள் எனக்கு இருந்த படபடப்பு அப்படியே இதுல பதிஞ்சிருக்கு.”

படபடப்பு உண்மைதான். மிலிசாவ் மீன்பிடிக்கப் போகும் அவசரத்தில் பிடியை ஒட்டினான். கோணலாக இருக்கிறதே என்று அவள் சொன்னதற்கு, பானையை நேராகப் பார், பிடியை எதற்குப் பார்க்கிறாய் என்று கத்திவிட்டுத் தூண்டிலோடு போனான்.

“அந்தப் பானையைக் குடும்மா,” என்றாள் விதோசவா. “அது என் புருஷன் பண்ணது. நாளைக்கு அவருக்குத் திதி.”

தியானா திரும்பி ராய்கோவைப் பார்த்தாள். மற்ற ஆறு பேரும் பார்த்தார்கள். ராய்கோ நெற்றியைத் தேய்த்தான். அண்ணனைப் புதைத்தபோது குழிக்குள் விழப்போனவன். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

“அண்ணி பாவம், இன்னும் துக்கத்துல இருக்காங்க,” என்றான் தணிந்த குரலில். “எந்தப் பானையைப் பார்த்தாலும் அண்ணன் பண்ணதுன்னு தோணுது அவங்களுக்கு.”

உடனே தியானாவுக்கு முகம் கனிந்தது. எழுந்து வந்து, பானையை ஒரு கையில் பிடித்தபடியே இன்னொரு கையால் விதோசவாவைக் கட்டிக்கொண்டாள். “விட்டுடணும் அக்கா,” என்று காதருகே சொன்னாள். “பிடிச்சு வச்சிக்கிறதுதான் வலி.”

“சரி. நீ விடு,” என்ற விதோசவா பானையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

மொச்சையைக் கொட்டினாள். புகைபோட்ட விலா எலும்பையும் வெங்காயத்தையும் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள், தணலில் வைத்தாள். நிலைப்படியில் ஏழு பேரும் கூடிவிட்டார்கள். தியானாவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. தன் பொருளைத் திருடிவிட்டதாகவும், இதை இணையத்தில் எழுதி ராய்கோவின் பிழைப்பைக் கெடுத்துவிடப்போவதாகவும் கத்தினாள். அவள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மூச்சு வழியிலேயே தீர்ந்துபோயிற்று.

விதோசவா கரண்டியால் ஒருமுறை கிளறினாள். அடுப்புப் பக்கத்து பெஞ்சைக் காட்டினாள்.

“வெந்ததும் பானையைக் கழுவித் தர்றேன். இந்த மொச்சை மெதுவாத்தான் வேகும். பொறுமையா உட்காருங்க.”

பஸ் இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. போகும்போது தியானா கதவை அறைந்த வேகத்தில் பொறுமைப் பலகை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

மறுநாள் கல்லறையில் பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்த பிறகு விதோசவா எல்லோருக்கும் பரிமாறினாள். ராய்கோ கடைசியாக வந்தான், மெழுகுவர்த்தி ஏற்றினான், அண்ணன் பெயரைச் சொல்லி அழுதான். அழுகை உண்மைதான், அவனிடம் அதுதான் எரிச்சலான விஷயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினான். ஒரு வாய் சாப்பிட்டதும் பாதிரியார் பக்கம் திரும்பினான்.

“என்ன சொல்லுங்க, எங்க அண்ணன் பண்ண பானையில வெந்தா அந்த ருசியே தனி.”

விதோசவா அவனை நன்றாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.