மயிலுக்கு டீசல்

1

இந்தக் கதை மண்ணெண்ணெய் வரிசையில் பிறந்தது. உலகத்து எரிபொருள் நெருக்கடியைப் பற்றி எழுத எண்ணியிருந்தேன். டப்பாவோடு நின்றபோது உலகம் ரேஷன் கடை வாசல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

முதல் தொடக்கம்: ‘1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோது...’ (அடித்துவிட்டேன். அவர்கள் யாரும் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு வரப்போவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: எண்ணெய் விலை ஏறியது. மின்சாரத்தைச் சேமிக்கச் சொன்னார்கள். எங்கள் தெரு பொழுது சாய்ந்ததும் இருண்டு சேமித்தது. அம்மன் மட்டும் இருட்டில் இருக்கலாகாது என்று திருவிழாக் கமிட்டி டீசல் இன்ஜின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தது. கோயில் வாசலில் சீரியல் விளக்கால் ஆன இரண்டு மயில்கள் ஆடின. (அம்மனுக்கு அகல் விளக்கில் கண் தெரியாது என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.)

2

நெசவாளர் குமாரசாமி நேற்று மாலை மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத் திரியைத் தாழ்த்திவைத்து நெய்தார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பச்சை இழையும் நீல இழையும் ஒன்றுபோலத் தெரியும். காலையில் பார்த்தால், முந்தானையில் பச்சைக்குப் பதில் நீலம். பகலெல்லாம் பிரித்தார். இன்னும் ஒரு சாண் நெய்ய வேண்டும். விடிந்தால் கல்யாண வீட்டார் வருவார்கள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். விளக்கிலோ எண்ணெய் இல்லை.

அவர் மனைவி லோகாம்பாள், கமிட்டித் தலைவர் கோதண்டபாணியிடம் போனாள்.

“அண்ணே, ஒரே ஒரு பல்பு. ஒயரு எங்க வூடு வரிக்கும் எட்டும்.”

“இது அம்மனுக்குப் போட்ட லைட்டும்மா. டீசல் இன்னா வெலை விக்குது தெரியுமா?”

“மயிலு ரெண்டும் ஆடிக்கினு இருக்குதே. அதுங்களுக்குக் காலையில முகூர்த்தமா?”

“கிண்டல் பண்ணாதம்மா. உனக்குக் குடுத்தா தெருவே ஒயரத் தூக்கிக்கினு வரும்.”

(இவரைக் கெட்டவராக எழுத மிகவும் ஆசைப்பட்டேன். ஆனால் மண்ணெண்ணெய் வரிசையில் தன் இடத்தைப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு விட்டுவிட்டு, வெறும் டப்பாவோடு திரும்பியவர் இவர்தான். கதாபாத்திரங்கள் இப்படி ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டால் எழுதுகிறவன் என்ன செய்வான்?)

3

முடிவு ஒன்று: கோதண்டபாணி மனம் மாறி, ஒரு மயிலை அணைத்துப் பல்பு தருகிறார். பத்திரிகைகள் விரும்பும்.

முடிவு இரண்டு: டீசல் தீர்ந்து மயில்கள் அணைகின்றன. விமர்சகர்கள் விரும்புவார்கள். புடவை மட்டும் முடியாது.

முடிவு மூன்று: கடவுள்... (வேண்டாம். அவரிடம் கேட்குமுன் நம் கையில் இருப்பதைப் பார்ப்பதுதான் மரியாதை.)

4

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். வரிசையில் எனக்கு எண்ணெய் கிடைத்தது. குமாரசாமியின் எதிர்வீடு என்னுடையது. எதிர்வீட்டு இருட்டைப் பற்றி நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே தறிச் சத்தம் நின்றுபோயிருக்கிறது.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும். லோகாம்பாளுக்கு ஒரு விளக்கு வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு விளக்கு. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் பகலில். நான் இதை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி