மூன்றாம் நாள் தெளிவை நம்பாதவள்

ஆய்வகத்தில் சளி மாதிரி வாங்கும் ஜன்னலில் உட்காருபவள் நான். வாங்குவதற்குத்தான் சம்பளம், உள்ளே எட்டிப் பார்ப்பது என் சொந்தச் சேவை.

உள்ளே கிருமிகளை வளர்த்து மருந்துகளோடு மோதவிடுகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். அவளுடைய அண்ணி, என் எதிர்வீட்டுத் தையல்காரி, ஒரு வருடமாக இருமிக்கொண்டிருந்தாள். காசநோய் இல்லை, அதற்குப் பங்காளி முறையில் ஒரு கிருமி. பாதி மருந்துகளுக்கு மசியவில்லை. ஒரு மாத்திரை மட்டும் கைகொடுத்தால் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் குணப்படுத்தப் பார்க்கலாம். இல்லையென்றால் நுரையீரலில் ஒரு துண்டை வெட்ட வேண்டிவரலாம் என்றிருந்தார் டாக்டர்.

அண்ணியின் கிருமிக்குச் சோதனை வைத்த மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையளவு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். கிருமி வளர்ந்தால் குழி கலங்கும். அந்த மாத்திரை கலந்த வரிசையில், மருந்தே சேர்க்காத முதல் குழி தவிர எல்லாம் பளிங்கு! தட்டில் எண் ஒட்டியது நான்தானே, யாருடையது என்று தெரியாதா? சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியிடம் கொட்டிவிட்டேன்.

அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு கறார் வீட்டுக்குப் போனாள்.

"ஏண்டி ரிப்போர்ட் குடுக்கல? நான் தைச்ச உன் சட்டைக் கை நீளமாப் போச்சுன்னு பழி வாங்கறியா?"

"அந்தச் சட்டையில ரெண்டு பேர் குடியிருக்கலாம் அண்ணி, அது வேற கதை. இந்தக் கிருமி மூணாம் நாள் பெட்டிப்பாம்பா அடங்கிக் கிடக்கும். மருந்தோட பழகப் பழக எதிர்க்கக் கத்துக்கும். பதினாலாம் நாள் பார்த்துத்தான் கையெழுத்து." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க வாய் எத்தனை நாள் தாங்கும்?"

ஒரு மணி நேரம் என்று சொல்லவில்லை. கல்யாணம் வரை குனிந்த தலை நிமிராத மாப்பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். கிருமிக்கும் அதே குணம் போலிருக்கிறது.

பதினான்காம் நாள் காலை. கறார் தட்டைத் தானே பார்க்கவில்லை. "நான் பார்த்தா என் ஆசைதான் பார்க்கும்" என்று, யாருடையது என்று சொல்லாமல் பக்கத்து மேஜை மீசைக்காரரிடம் நீட்டினாள். முதலில் அவர், சோதனை சரியாக நடந்ததா என்று அறிய, எதிர்க்கும் என்று முன்பே தெரிந்த கிருமியின் தட்டைப் பார்த்தார். அதிலும் மூன்றாம் நாள் தெளிவாக இருந்த அந்த மாத்திரை வரிசை இப்போது கஞ்சித் தண்ணீர்.

அடுத்தது அண்ணியின் தட்டு. மனுஷன் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"அட, இது கத்துக்கவே இல்லம்மா! அப்படியே தெளிவா இருக்கு!"

கறார் கையெழுத்துப் போட்டாள். டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு, மாடிப்படியில் யார் ஓடினாலும் திட்டுகிறவள், இரண்டிரண்டு படியாகத் தாவினாள். பின்னால் நான், மூச்சிரைக்க.

நாங்கள் அண்ணி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் போனில் சொல்லி முந்திக்கொண்டிருந்தார். அண்ணி கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்று இருமிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல மருந்து சாப்பிடணும், அண்ணி. ஒரு வேளை தப்பினாலும் விடமாட்டேன்."

"உன்கிட்டேர்ந்து தப்ப முடியுமாடி?" என்று அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.