பாயோரத்து டைல்

நான் டைல்ஸ் போடுகிறவன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் எனக்குப் பிழைப்பு. இரண்டு மாதமாக வலது முட்டி மடங்க மறுத்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணும் இல்ல, இறுகிப் போயிருக்கு. யோகா பண்ணுங்க" என்று முடித்துவிட்டார். என்ன யோகா என்று சொல்லியிருக்கக் கூடாதா?

என் பயமெல்லாம் மச்சானைப் பற்றித்தான். மனைவியின் தம்பி. பதினாறு வருடமாக ஜோடியாகத்தான் வேலை எடுக்கிறோம். என் முட்டி விஷயம் தெரிந்தால் வேறு ஆளோடு சேர்ந்துவிடுவான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. அக்கா வாய்க்கும் தம்பி காதுக்கும் தூரமே கிடையாது. இதில் அவன் வேறு, கொஞ்ச நாளாக நின்றபடி டைல் வெட்டுகிற வேலையைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து போடுவதையெல்லாம் என் தலையில் கட்டினான். சோம்பேறி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பல்லைக் கடித்து முட்டி வலியைப் பொறுத்தேன்.

கடைத்தெருவில் ஒரே கட்டிடத்தில் மாடிக்கு ஒரு யோகா இருந்தது. முதல் மாடியில் வேக யோகா. நான் ஒரு காலைத் தூக்குவதற்குள் மொத்த வகுப்பும் மறுபக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டியது. அடுத்த வாரம் இரண்டாம் மாடி, சூடு யோகா. ஹீட்டரைப் போட்டு அறையை வேக வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடிக்கு டைல்ஸ் போட்டவன் நான். கட்டணம் கட்டி வேர்க்க எனக்கென்ன தலையெழுத்தா? பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது மூன்றாம் மாடியின் மெது யோகா. இதுவும் சரிப்படாவிட்டால் மச்சானிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினேன், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து.

அங்கே வகுப்பு தொடங்குவதே படுத்துத்தான். ஏழெட்டுப் பேர் கண்மேல் துணியோடு மல்லாந்து கிடந்தார்கள். டீச்சரம்மா என்னையும் படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். குனிந்து பார்த்தார். போதவில்லை என்று போர்வையை ஒரு மடிப்பு கூட்டி மேலே வைத்தார். மட்டம் பார்க்கத் தெரிந்த அம்மா. இரண்டு மாதத்தில் முதல்முறையாக முட்டி வலிக்காமல் மடங்கி நின்றது.

"தோளை இறக்குங்க" என்றார். அது மட்டும் இறங்கவில்லை.

சும்மா படுத்தால் கை சும்மா இருக்குமா? விரலை மடக்கிப் பாயோரத்து டைலைத் தட்டினேன். பழக்கதோஷம். டொப்பென்றது.

"உள்ள வெறும் காத்து. கலவை முழுசா பிடிக்கல" என்றது பக்கத்துப் பாய், துணியை விலக்காமலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலைத்தான் தினமும் காலை முதல் மாலைவரை கேட்கிறேனே!

"டேய், நீ எங்கடா இங்க?"

மச்சான் துணியைப் பிடுங்கிவிட்டு எழப் பார்த்தான். "ஐயோ" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தான்.

"மூணு மாசமா இடுப்பு, மச்சான். குனிஞ்சா நிமிர முடியல. அதான் டைல் வெட்டுறேன்னு நின்னுக்கிட்டே ஓட்டுறேன். சொன்னா நீங்க வேற ஆள் பாத்துருவீங்களோன்னு..." என் முட்டிக்கு அடியில் இருந்த கட்டையைப் பார்த்தான். "உங்களுக்கு என்ன?"

"முட்டி. ரெண்டு மாசம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், இடுப்பு வலிக்க வலிக்க. எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

"நாளைக்கே ஒரு குட்டி ஸ்டூல் வாங்குவோம்டா. மாத்தி மாத்தி உட்கார்ந்து போடலாம்."

"ரெண்டா வாங்குங்க மச்சான்."

"அந்த மூலையில என்ன பேச்சு?" என்றார் டீச்சரம்மா. "தோளை இறக்குங்கன்னு சொன்னேன்ல?"

பார்த்தால், அது எப்போதோ இறங்கியிருந்தது.